ராதிகா சினிமாவை விட்டுவிட்டா சீரியலுக்கு வந்தார்? அவர் குடும்பம் பற்றியும் சொல்லுங்கள்

விட்டுவிட்டு எல்லாம் வரவில்லை, இன்றும் படங்களில் நடிக்கிறார். எம்.ஆர்.ராதாவின் மகள், 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகம், அதெல்லாம் தெரிந்த கதை. முக்கியமானது 1999-ல் சன் டிவியில் தொடங்கிய 'சித்தி'தான்: நடித்தது மட்டுமல்ல, தயாரித்ததும் அவருடைய ராடான் நிறுவனம், அதனால் வாய்ப்புக்காக யார் வாசலிலும் நிற்காமல் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', அப்புறம் இரட்டை வேடத்தில் 'வாணி ராணி' என்று 2018 வரை தொடர்ந்து நாயகியாகவே இருந்தார். நாற்பதைத் தாண்டிய நடிகைக்கு சினிமா இந்த இடத்தைக் கொடுத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, குடும்பம். 2001-ல் சரத்குமாரைத் திருமணம் செய்துகொண்டார், இவர்களுக்கு ஒரு மகன். முந்தைய திருமணத்தில் பிறந்த மகள், கிரிக்கெட் வீரர் அபிமன்யு மிதுனை மணந்தவர். நடிகை நிரோஷா ராதிகாவின் தங்கை. நடிகை வரலட்சுமியை ராதிகாவின் மகள் என்று பலர் நினைக்கிறார்கள், அவர் சரத்குமாரின் முதல் மனைவிக்குப் பிறந்தவர்.