வெப்பமானி: கேள்வி பதில்

கேள்வி: பாதரச வெப்பமானி தரையில் விழுந்து உடைந்துவிட்டது. பெருக்கி அள்ளிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. துடைப்பம் பாதரச உருண்டைகளைப் பொடிப்பொடியாக்கும். வாக்குவம் கிளீனர் பாதரச ஆவியை அறை முழுக்க ஊதும். குழந்தைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்துங்கள். தங்க மோதிரத்தைக் கழற்றுங்கள், பாதரசம் பட்டால் தங்கத்தோடு கலந்துவிடும். கையுறை போட்டு முதலில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குங்கள். இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள டப்பாவில் விடுங்கள். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மிச்சத் துளிகள் மினுங்கும். செல்லோடேப்பில் ஒற்றி எடுங்கள். தொட்டதெல்லாம் அதே டப்பாவுக்குள். சாக்கடையில் கொட்டாமல் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: காய்ச்சல் எவ்வளவு இருந்தால் மாத்திரை போடலாம்?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கொதிக்கும் தண்ணீரில் 98 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள்? ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். சோதிக்க உருகும் பனிக்கட்டிதான் நம்பகமானது. காய்ச்சி வடித்த நீரில் உறைந்த கட்டியை நொறுக்கி, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் அதே நீரை ஊற்றிக் கலக்குங்கள். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படாமல் நிறுத்தி, அளவு அசையாமல் நின்றதும் கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: அழுத்தம் மாறினால் உருகுநிலையும் மாறுமே? அது மட்டும் எப்படி நம்பகம்?

பதில்: மாறும், ஆனால் எவ்வளவு? காற்றழுத்தம் இரு மடங்கானாலும் உருகுநிலை 0.01 டிகிரிகூடக் குறையாது. கொதிநிலையோ, அழுத்தம் 1 கிலோபாஸ்கல் (வழக்கமான காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு) இறங்கினாலே கால் டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். வானிலை மாறினாலே அந்த அளவு இறங்கும்.

கேள்வி: நீங்கள் சொன்ன பனிக்கட்டியில் −3 காட்டியதே! கொதிநீரே தேவலை.

பதில்: ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்திருப்பீர்கள். உலர்ந்த கட்டி பூச்சியத்துக்கும் கீழே இருக்கும். வெண்மை போய், ஈரம் கோத்துப் பளபளக்கும்வரை பொறுங்கள். உப்பு ஒட்டிய பாத்திரமும் அளவை இறக்கும். இரண்டும் சரியாக இருந்தும் −3 என்றால் வெப்பமானியில்தான் பிழை.

கேள்வி: தண்ணீர் கொதிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் அகச்சிவப்பு வெப்பமானி (தொடாமலே வெப்பக் கதிரை வைத்து அளப்பது) 40 காட்டுகிறது.

பதில்: பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும், சுற்றுப்புறத்தின் கதிரைப் பிரதிபலிக்கும். வெப்பம் தாங்கும் கறுப்பு டேப் ஒட்டி, அது சூடேறியதும் அதன்மேல் அளவெடுங்கள். லேசர் புள்ளி குறிபார்க்க மட்டுமே. தூரம் கூடக்கூட அளக்கும் வட்டம் பெரிதாகும்.

கேள்வி: சிந்திய பாதரசத்தை வாக்குவம் கிளீனரால்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கூடாது.

கேள்வி: ரப்பர் அடைப்பானுக்குள் வெப்பமானி நுழைய மறுக்கிறது.

பதில்: அழுத்தாதீர்கள், கண்ணாடி முறிந்து உள்ளங்கையில் ஏறும். துளையில் கிளிசரின் தடவி, வெப்பமானியைத் துணியால் சுற்றி, அடைப்பானை ஒட்டினாற்போல் பிடித்துத் திருகித் திருகி இறக்குங்கள். அப்படியும் போகாவிட்டால் துளையைப் பெரிதாக்குங்கள்.