பழைய ஜப்பான் மைப்பேனாக்களைச் சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்? எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்?

குட்டைப் பேனாவிலிருந்து தொடங்குங்கள். 1968-க்கும் 1980-க்கும் இடையில் வந்ததாக இருக்கட்டும், தங்க நிப்பு இருக்கட்டும், இன்றைக்குக் கடையில் கிடைக்கிற கார்ட்ரிட்ஜைச் செருகினால் எழுதுவதாக இருக்கட்டும். அரக்குப் பூச்சில் பொன்தூள் தூவிய மாகி-எ பேனா, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஜப்பானில் கவாசாகி நகரில் வேலை பார்த்த ஐந்து வருடமும், மழை இல்லாத ஞாயிறுகளில் டோக்கியோவின் யூராக்குச்சோ ஸ்டேஷனுக்கு ரயில் ஏறிவிடுவேன். பக்கத்திலேயே டோக்கியோ இன்டர்நேஷனல் ஃபோரம் என்ற பெரிய கண்ணாடிக் கட்டடம். அதன் முற்றத்தில் மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை கூடும். பீங்கான், கிமோனோ, பழைய கடிகாரம் என்று விரித்திருப்பார்கள். பேனாவுக்கென்று தனிக் கடை அபூர்வம். கடிகாரக்காரர் ஓரமாக ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்திருப்பார், அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட பேனாக் கட்டு. "எதை எடுத்தாலும் 1,000 யென்." என் முதல் குட்டைப் பேனா அப்படிக் கிடைத்ததுதான், பைலட் கம்பெனியின் எலீட். வீட்டுக்கு வந்து ஓர் இரவு தண்ணீரில் போட்டேன். காலையில் கிண்ணம் முழுக்க நீலம். கார்ட்ரிட்ஜைச் செருகி ஐந்து நிமிடம் நிப்பைக் கீழ்நோக்கிப் பிடித்தேன். எழுதிவிட்டது. எத்தனை வருடம் பூட்டிக் கிடந்ததோ, ஒரு கீறல் சத்தம்கூட இல்லை.

குட்டைப் பேனாவின் சூட்சுமம் எளிமையானது. மற்ற பேனாக்களில் கழுத்து சின்னது, உடல் நீளம். இதில் கழுத்து நீளம், உடல் குட்டை. நீண்ட மூடி கழுத்து முழுவதையும் விழுங்கிக்கொள்ளும். மூடியிருக்கும்போது சுமார் 12 சென்டிமீட்டர்தான், சட்டைப் பையின் அடியில் இருப்பதே தெரியாது. மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினால் முழு நீளப் பேனாவாகிவிடும்.

பைலட், செய்லர், பிளாட்டினம் மூன்று கம்பெனிகளும் இந்த வடிவத்தை வாரி இறைத்தன. அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான விளம்பரமும் உண்டு. 1969-இல் ஓஹாஷி க்யோசென் என்ற தொலைக்காட்சிப் பிரபலம் எலீட் எஸ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, தன்கா என்கிற மரபுக் கவிதை வடிவத்தில், துளி அர்த்தமும் இல்லாத நாலைந்து வரியை முழங்கினார். "ஹப்பா ஃபுமிஃபுமி" என்று முடியும். அசைக் கணக்கு மட்டும் சரியாக இருக்கும், சொற்கள் எல்லாம் உளறல். நாடே அதைச் சொல்லித் திரிந்தது, பேனாவும் விற்றுத் தீர்ந்தது. என்னோடு வேலை பார்த்த அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் என் எலீட்டைக் காட்டியதுதான் தாமதம், அவர் பேனாவை வாங்கவே இல்லை, முதலில் அந்த உளறலை முழுசாக ஒப்பித்தார்.

அன்றாடம் சட்டைப் பையில் குத்துகிற பேனாவுக்கு எதற்குத் தங்க நிப்பு என்று கேட்கலாம். 1971 வரை உலகச் சந்தையில் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை ஓர் அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு சின்ன நிப்புக்குத் தங்கம் பெரிய செலவே இல்லை. அப்புறம் விலை ஏறியது, பால்பாயின்ட் வந்தது, மலிவுப் பேனாவில் தங்கம் போட்ட காலம் முடிந்தது. நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளியில் செய்து குவித்த பேனாக்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிப்பில் 14, 18, 21, 22 என்று காரட் எண் பொறித்திருக்கும். கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றின, செய்லர் 23 காரட் வரைக்கும் போனது. நம் ஆட்கள் உடனே நகைக்கடைக் கணக்குக்குப் போய்விடுவார்கள், 22 என்றால் உசத்தி என்று. பேனாவில் அந்தக் கணக்கு செல்லாது. காரட் ஏற ஏறத் தங்கம் மிருதுவாகும், அழுத்தினால் வளைந்து அப்படியே நின்றுவிடும். எழுதுவதற்கு 14 காரட் எந்த வகையிலும் குறைந்ததில்லை. எடை போட்டாலும் இந்தச் சின்ன நிப்பில் அரை கிராம்கூடத் தேறாது, எனவே தங்கத்துக்காக வாங்குகிறேன் என்ற பேச்சே வேண்டாம். போரையொட்டிய வருடங்களில் ஜப்பானில் பேனாவுக்குத் தங்கம் தரவில்லை, இரும்பு நிப்புதான். அந்தப் பழக்கத்தில் பிற்பாடும் முலாம் பூசிய நிப்புகள் நிறைய வந்தன. "14" மட்டும் கண்ணில் படுகிற மாதிரி இருக்கும், முலாம் என்பதற்கான எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். நான் அப்படி இரண்டு வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் நிப்பின் ஓட்டையைச் சுற்றித் துரு.

மை விஷயம். மூன்று கம்பெனிக்கும் மூன்று கார்ட்ரிட்ஜ், ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. நல்ல விஷயம், ஐம்பது வருடத்துப் பேனாக்களில் பெரும்பாலானவை இன்றைய கார்ட்ரிட்ஜையே ஏற்றுக்கொள்கின்றன. பிளாட்டினம் கார்ட்ரிட்ஜுக்குள் குட்டி இரும்புக் குண்டு ஒன்று உருளும், பேனாவை ஆட்டினால் சத்தம் வரும். ஏதோ உடைந்துவிட்டதென்று நான் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். பாட்டில் மையை உறிஞ்சிக்கொள்ளும் கன்வர்ட்டர் இந்தக் குட்டை உடலுக்குள் அநேகமாக அடங்காது. காலியான கார்ட்ரிட்ஜைக் கழுவி, மருந்துக்கடை சிரிஞ்சால் பாட்டில் மையை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு கார்ட்ரிட்ஜ் எனக்கு ஆண்டுக்கணக்கில் வருகிறது.

வாங்கும்போது நிப்பைத்தான் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். பிளவின் இருபக்கத்து நாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, நுனிக் குண்டு இருபக்கமும் இருக்கிறதா. ஆன்லைனில் நிப்பின் நெருக்கமான படம் போடாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. அப்புறம் மூடி. குட்டைப் பேனாவில் திருகு கிடையாது, உள்ளே உள்ள ஒரு வளையத்தின் பிடிதான். அது தளர்ந்திருந்தால் பேனா சட்டைப் பையிலேயே கழன்று விழும். ஜப்பானிய ஏலத் தளங்களில் "ஜன்கு" என்று போட்டிருந்தால் எழுதுமா எழுதாதா என்று அவர்களுக்கே தெரியாது என்று பொருள். அது மோசமான பேனா என்று பொருள் அல்ல. என்னிடம் உள்ளவற்றில் பாதி ஜன்குதான், காய்ந்த மை கரைந்ததும் எழுந்து உட்கார்ந்தவை. "மிஷியோ" என்றால் உபயோகிக்காதது, விலை எகிறும். அங்கிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்து பேனா விலையைத் தாண்டலாம். நாலைந்தாகச் சேர்த்து வரவழைப்பதுதான் கட்டுப்படியாகும்.

நிப்பின் அகலத்தையும் கவனியுங்கள். "ஹோசோஜி" என்பது மெல்லிய எழுத்து. அவர்களுடைய மெல்லியது ஐரோப்பியப் பேனாக்களின் மெல்லியதைவிட ஒரு படி மெல்லியது. காரணம் எழுத்துதான். மனச்சோர்வைக் குறிக்கும் "உட்ஸு" என்ற ஒரே எழுத்துக்கு 29 கோடு. அதைக் குறிப்பேட்டின் ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டுமென்றால் நிப்பு ஊசி மாதிரிதான் இருந்தாக வேண்டும். நம் மலிவு நோட்டுத் தாளில் மை பரவாமல் ஞ, ணை எல்லாம் தெளிவாக விழுவதற்கு இதைவிடத் தோதான நிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

பைலட்டில் இன்னொரு சுகம், பல பேனாக்களுக்குப் பிறந்த தேதி உண்டு. நிப்பிலோ உடலிலோ பொடியாக ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். எச் 670 என்றிருந்தால் ஹிராட்சுகா தொழிற்சாலை, 1970 ஜூன். நிப்பும் உடலும் வேறு வேறு வருடம் காட்டினால் யாரோ மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள்.

கொஞ்சம் பழகியதும் எல்லாரும் வந்து நிற்கிற இடம் பைலட் மியூ 701. 1971-இல் வந்தது. முழுக்க துருப்பிடிக்காத எஃகு. இதில் நிப்பு என்று தனியாக ஒன்றைச் செருகவில்லை, கழுத்தே கூராகி நிப்பாக முடிகிறது. தங்கம் இல்லாத இந்தப் பேனா தங்க நிப்புப் பேனாக்களைவிடப் பல மடங்கு விலை போகிறது. கீழே விழுந்து நுனி போனால் கழுத்தோடு போயிற்று, மாற்ற வழி கிடையாது. அழகுதான், மறுக்கவில்லை. 2008-இல் பைலட் தன் தொண்ணூறாவது ஆண்டுக்கு எம்90 என்று அதே பாணியில் ஒன்றை விட்டதும் இதன் மவுசால்தான். ஆனால் முதல் பேனாவாக வாங்காதீர்கள்.

சரி, கையைச் சுட்டுக்கொண்ட கதை. மூன்றாவது மாதமே தலை கனத்துப்போய், ஒரு கடையில் போருக்கு முந்தைய கறுப்பு எபோனைட் பேனா ஒன்றை என் மாத வாடகையில் கால்வாசி கொடுத்து வாங்கினேன். உடலுக்குள் நேராக மை ஊற்றும் வகை. நம் ஊரில் இங்க் ஃபில்லரால் ஊற்றினோமே, அதே மாதிரி. ஆனால் ஒழுகாமல் இருக்க ஜப்பானியர் ஒரு வேலை செய்திருந்தார்கள். வால் பக்கத்துத் திருகிலிருந்து ஒரு கம்பி உடல் நெடுக ஓடி, கழுத்துக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது வாலை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் மை இறங்கும், முடித்ததும் இறுக்கிவிடலாம். இங்கிலாந்தின் ஓனோட்டோ பேனாவிலும் இப்படி ஓர் அடைப்பு உண்டு, அது ஜப்பானில் அந்நாளில் பெரிய மரியாதையோடு விற்ற பேனா. பள்ளியில் எனக்கு மட்டும் இந்த அடைப்பு கிடைத்திருந்தால் எத்தனை வெள்ளைச் சட்டை தப்பித்திருக்கும்!

அந்த வால் இறுகிப் போயிருந்தது. நான் என்ன செய்தேன்? வெந்நீரில் ஊறவைத்தேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தால், கறுகறுவென்று இருந்த பேனா காய்ந்த புளி நிறத்தில் வந்தது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். பல காலம் வெயில் பட்டதன் மேல் வெந்நீரும் பட்டால் நிறம் போயே போய்விடும். திரும்ப வராது.

இந்தக் குறைதான் மாகி-எ பேனாவுக்கே மூலம் என்பது பிறகுதான் தெரிந்தது. பைலட்டைத் தொடங்கிய நாமிகி ரியோசுகேவும் வாடா மசாவோவும் கப்பல் படிப்புக்காரர்கள். கம்பெனி 1918-இல் நாமிகி பெயரில் தொடங்கியது, 1938-இல்தான் பைலட் ஆனது. பைலட் என்றதும் நாம் விமானத்தை நினைக்கிறோம், அவர்கள் நினைத்தது துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழி காட்டுகிறவரை. செய்லர் கதையும் கடல்தான், 1911-இல் ஹிரோஷிமா அருகே குரே என்ற கடற்படைத் துறைமுக ஊரில் ஆரம்பித்தது. நாமிகிக்கு எபோனைட் வெளுப்பது பெரிய தலைவலி. 1925-இல் எபோனைட்டில் உருஷி அரக்கை ஏற்றி நிறத்தைக் காக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அரக்கு வந்துவிட்டால் அதன் மேல் பொன்தூள் தூவும் கலைஞர்கள் ஜப்பானில் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். மாகி-எ பேனா பிறந்தது. 1930 வாக்கில் லண்டனின் டன்ஹில் கம்பெனி அவற்றைத் தன் பெயரையும் சேர்த்து ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது. இன்று டன்ஹில் நாமிகி ஏலத்துக்கு வந்தால் நாம் வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம். போலிகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். மலிவாக மாகி-எ கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் அச்சிட்ட படம், தடவிப் பார்த்தால் மேடு இருக்காது.

பெயர் பொறித்த பேனாக்களைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள், விலை பாதியாகும். நான் அவற்றைத்தான் தேடி வாங்குகிறேன். பட்டமளிப்பு நினைவாக, நடுநிலைப் பள்ளியில் சேர்ந்ததற்காக, ஓய்வு பெற்றதற்காக என்று அந்த ஊரில் பேனா கொடுக்கும் வழக்கம் அப்படி இருந்தது. மாணவர் மாத இதழ்கள் ஆண்டுச் சந்தாவுக்குப் பேனா இலவசம் என்று விளம்பரம் செய்த காலம் அது. பாதிப் பேர் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பால்பாயின்டில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இத்தனை பேனா இவ்வளவு புதிதாக எப்படிக் கிடைக்கும்?

கடைசியாக ஒன்று. ஜப்பானிலிருந்து வரவழைப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு மேசை டிராயரைக் குடைந்து பாருங்கள். பைலட் பேனா ஒரு காலத்தில் சென்னையிலேயே தயாரானது, இந்தியா என்று பொறித்த அந்தப் பேனாக்களையும் இப்போது தேடி வாங்குகிறார்கள். என் மாமனார் வீட்டில் ஒன்று அகப்பட்டது. கிளிப் உடைந்து, மூடியில் பல்தடம். கழுவி மை ஊற்றினேன், என் கையில் கீச்கீச்சென்று கிறுக்கியது. நிப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவரிடம் கொடுத்தேன். பேனாவை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, சத்தமே இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதை நீ வச்சிக்கிறியா மாப்ள, இல்ல நானே வச்சிக்கட்டுமா?" என்றார்.