வீட்டை அடமானம் வைத்து கிரீன் கார்டுக்குக் காத்திருக்க வேண்டாம்

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பையன் பாலிடெக்னிக்கில் டிரிப்பிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) டிப்ளமோ முடித்துவிட்டான். அமெரிக்காவில் டாலஸில் இருக்கும் அத்தை குடும்பம், "லேட்டரல் என்ட்ரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருங்கள், அப்புறம் இங்கே எம்.எஸ்., கிரீன் கார்டு தானாக வரும்" என்கிறதாம். ஐம்பது லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரம்தான் ஈடு. பையனோ சாயங்காலம் ஆனால் மாமாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயில் கட்டப் போய்விடுகிறானாம். அதை ஒரு குறையாகவே எழுதியிருக்கிறார்.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது, ஆறுதல் சொல்லி மறைக்க மாட்டேன். கிரீன் கார்டு தானாக வராது. படிப்பு முடிந்ததும் ஓபிடியில் (மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) ஒரு வருடம், ஸ்டெம் பாடம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்றால் இன்னும் இரண்டு வருடம், அதற்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வர வேண்டும்; மொத்த ஒதுக்கீடு வருடத்துக்கு 85,000 தான், கேட்பவர்கள் பல மடங்கு. அதைத் தாண்டினாலும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால், பத்து வருடத்துக்கு முன் வரிசையில் நின்ற இந்தியர்களே இன்னும் நிற்கிறார்கள். வட்டி மட்டும் வரிசையில் நிற்காது. அத்தை போன காலம் வேறு.

கனடா, ஆஸ்திரேலியா பற்றி எல்லா ஏஜென்சியும் பேசுகிறது, நான் விட்டுவிடுகிறேன். உங்கள் பையனுக்காக நான் சொல்ல விரும்புவது ஜெர்மனியின் அவுஸ்பில்டுங், அதாவது சம்பளத்தோடு தொழிற்பயிற்சி. "டிப்ளமோ படிச்சிட்டு மறுபடி அப்ரண்டிஸா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். அங்கே 'எலெக்ட்ரோனிக்கர் ஃபூர் பெட்ரீப்ஸ்டெக்னிக்' என்று ஒரு தொழில் இருக்கிறது: மோட்டார், கன்ட்ரோல் பேனல், பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சின்னக் கணினி), பழுது கண்டுபிடிப்பது. மூன்றரை வருடம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் (சில ஊர்களில் மொத்தமாகச் சில வாரங்கள்) தொழிற்பள்ளி, மற்ற நாட்களில் கம்பெனியில் வேலை. அரசுத் தொழிற்பள்ளிக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பெரிய தொழிற்சாலைகளில் முதல் வருடமே மாதம் 1,000 யூரோவை ஒட்டிச் சம்பளம் கிடைக்கும். சின்னக் கம்பெனியில் குறையும். குறைந்தால் மீதிச் செலவுக்கு நீங்கள் விசாவுக்குப் பணம் காட்ட வேண்டியிருக்கும். வாரம் 20 மணி நேரம் வரை வெளியே வேலை பார்க்கவும் அனுமதி உண்டு.

நிரந்தர வசிப்புரிமை, அதாவது பிஆர் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குப் போவது ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 16ஏ பிரிவு விசாவில். முடித்து, படித்த தகுதிக்கேற்ற வேலையில் சேர்ந்தால் திறன் தொழிலாளர் அனுமதி. ஜெர்மனியிலேயே பயிற்சி முடித்தவர்களுக்கு அந்த அனுமதியோடு இரண்டு வருடம், 24 மாத ஓய்வூதியப் பங்களிப்பு, பி1 அளவு (மொழியில் இடைநிலை) ஜெர்மன், அங்கத்திய சட்டம், வாழ்க்கை பற்றிய ஒரு சின்னத் தேர்வு இருந்தால் பிஆர் கேட்கலாம். இதில் குலுக்கலும் கிடையாது, நாட்டு வரம்பும் கிடையாது. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தரை வருடம், கடன் இல்லாமல்.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கே பொதுவாக பி1 கேட்கிறார்கள், அது சும்மா வராது, தினமும் உட்கார்ந்தால்கூட ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்பள்ளிப் பாடம் முழுக்க ஜெர்மன். முதல் நான்கு மாதம் வரை சோதனைக் காலம், கம்பெனி நினைத்தால் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாம். பயிற்சி இடம் போய்விட்டால் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தருவார்கள். இதெல்லாம் தெரிந்தும் பையன் போக விரும்புகிறானா என்று அவனிடம் கேளுங்கள், அத்தையிடம் அல்ல. அவன் இங்கேயே கடை வைக்க ஆசைப்பட்டால் அதற்கும் நான் எதிரி இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் அவனைத் தள்ளுவதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஏ1, அதாவது ஜெர்மன் மொழியின் முதல் நிலை வகுப்பு. அதை முடித்துத் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். அது பிடித்தால்தான் மேலே பேச்சு. சென்னையில் கோதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, ஆன்லைனிலும் படிக்கலாம். தேசிய விசாக் கட்டணம் 75 யூரோ. பயிற்சி இடங்களை ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், விதிமுறைகள் 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. "அஞ்சு லட்சம் கொடுங்க, கான்ட்ராக்ட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்குப் பையனே ஜெர்மனில் மெயில் போட்டு, ஒப்பந்தம் உண்மைதானா என்று கேட்கட்டும்.