நிபா பயத்துக்கு விலையுயர்ந்த கேன் வேண்டுமா, பிளீச்சிங் பவுடர் போதுமா?

கேள்வி: கூடலூரில் ஒரு சிறிய மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நாடுகாணி வழியாக மலப்புரம் பக்கமிருந்தும் நோயாளிகள் வருவார்கள். கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தாலே எங்களுக்குப் பதற்றம்தான். போன வாரம் வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, நிபா உட்பட எல்லா வைரஸையும் 99.9 சதவீதம் கொல்லும் என்று ஒரு குவாட்டர்னரி அமோனியம் திரவத்தைக் காட்டினார். ஃபாகிங் மெஷினையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார். விலை அதிகம். நாங்கள் இதுவரை பினாயிலும் பிளீச்சிங் பவுடரும்தான் பயன்படுத்துகிறோம். இவற்றை மாற்ற வேண்டுமா? பிளீச்சிங் பவுடரே போதும் என்றால் எவ்வளவு கலப்பது?

பதில்: அந்தத் திரவக் கேன் அவசரமில்லை. ஃபாகிங் மெஷின் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போதும், ஆனால் அளந்து கலந்தால் மட்டும். "வாளிக்கு ரெண்டு கரண்டி" என்பதுதான் இப்போது உங்கள் கணக்கு என்றால், அதை நம்பி இருக்க முடியாது.

ஒரு வைரஸ் மனித உடலுக்குள் எவ்வளவு கொடியது என்பதற்கும், தரையிலும் கட்டில் கம்பியிலும் அதைக் கொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கும் தொடர்பே இல்லை. நிபா, எபோலா, மெர்ஸ், கோவிட், பறவைக் காய்ச்சல் என்று நம்மைப் பயமுறுத்தும் பெயர்களில் பெரும்பாலானவை கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்கள். அந்த உறை கிழிந்தால் வைரஸால் நம் செல்லுக்குள் நுழைய முடியாது. எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு கரைப்பது போலத்தான் இந்த உறையும் கரைகிறது. சோப்பு, 70 சதவீத ஆல்கஹால், குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, உங்கள் பிரதிநிதி காட்டிய குவாட்டர்னரி அமோனியம் எல்லாமே இதைச் செய்யும்.

உண்மையில் கெட்டியானவை உறையில்லாத சிறிய வைரஸ்கள். வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ், போலியோ, ஹெபடைடிஸ் ஏ, குழந்தைகளுக்கு வரும் கை கால் வாய் நோயின் வைரஸ் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு வெளியே இருப்பது வெறும் புரத ஓடு. ஆல்கஹாலுக்கு அது சுலபத்தில் மசியாது, குவாட் (குவாட்டர்னரி அமோனியத்தின் சுருக்கம்) பெரும்பாலும் தோற்றுப்போகும். பேரைக் கேட்டால் யாரும் பயப்படாத நோரோவைரஸ்தான் கிருமிநாசினிக்குக் கடினமான எதிரி.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல் வகுத்த வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. புதிதாக ஒரு வைரஸ் கிளம்பும்போது அதை வைத்து எல்லாப் பொருளையும் சோதிக்க நேரம் இருக்காது. அதனால், அதைவிடக் கொல்லக் கடினமான வைரஸைக் கொல்லும் என்று ஏற்கெனவே நிரூபித்த பொருளை, புதியதற்கும் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2014-ல் எபோலா நோயாளிகள் அமெரிக்காவுக்கு வந்தபோதும், நோரோ, போலியோ போன்ற உறையில்லாத வைரஸ்களைக் கொல்லும் என்று லேபிளில் உள்ள பொருட்களையே மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைத்தார்கள். எபோலா அவ்வளவு கெட்டி என்பதால் அல்ல, தவறு நடந்தாலும் தாங்கும் என்பதால். நீங்களும் இந்த அளவுகோலையே கையில் எடுக்கலாம். சரியாகக் கலந்த குளோரின் உறையுள்ள வைரஸ், உறையில்லாத வைரஸ் இரண்டையும் கொல்லும்.

அடுத்து அந்த 99.9. பத்து லட்சம் வைரஸில் 99.9 சதவீதம் போனால் மிச்சம் ஆயிரம். ஐரோப்பாவில் வைரஸ்கொல்லி என்று சான்று பெறும் சோதனையில் 99.99 சதவீதம் குறைய வேண்டும், அதாவது மிச்சம் நூறு. ஒரே ஒரு 9 கூடினால் பத்து மடங்கு வித்தியாசம். அதைவிட முக்கியம், எந்த வைரஸை வைத்துச் சோதித்தார்கள் என்பது. நிபாவை மிக உயர் பாதுகாப்புள்ள ஆய்வகத்தில்தான் கையாள முடியும். நம் நாட்டில் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதனால் பெரும்பாலான கம்பெனிகள் வாக்சினியா போன்ற பதிலி வைரஸை வைத்துத்தான் சோதிக்கும். அது மோசடி இல்லை, ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் சான்றிதழில் எழுதியிருக்கும் வைரஸ் பெயரை, அழுக்கு சேர்த்துச் சோதித்தார்களா என்பதை, எத்தனை நிமிடம் என்பதை, இந்த மூன்றையும் நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். காட்ட மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் ஜெயித்த திரவம் வார்டில் தோற்பதற்கு முதல் காரணம் அழுக்கு. ரத்தம், சளி, வாந்தி எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். வைரஸைத் தொடும் முன்பே அது செலவாகிப் போகும். அதனால் எப்போதும் முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதன் பிறகுதான் கிருமிநாசினி. இரண்டாவது காரணம் நேரம். லேபிளில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால், அந்த இடம் பத்து நிமிடமும் ஈரமாக இருக்க வேண்டும். நம் வார்டுகளில் மாப் போன கையோடு ஃபேனைப் போட்டுவிடுவார்கள், இரண்டே நிமிடத்தில் தரை உலர்ந்துவிடும். குவாட் திரவத்துக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பருத்தித் துணி அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தரைக்கு வருவது மிச்சம்தான். அப்புறம், சோப்புத்தூள் போட்டுக் கழுவியதை நன்றாக அலசாமல் மேலே குவாட்டை ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். பிரதிநிதி இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

இனி கலக்கும் கணக்கு. புதிய, தரமான பிளீச்சிங் பவுடரில் 30 முதல் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் போட்டால் ஏறத்தாழ 0.5 சதவீதம், 30 கிராம் போட்டால் 1 சதவீதம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, ஒருமுறை எடை போட்டு, அந்த அளவுக்கு ஒரு டப்பாவில் கோடு போட்டு வையுங்கள். கலந்த பின் சுண்ணாம்பு வண்டல் அடியில் தங்கட்டும், மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துப் பயன்படுத்துங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கூடலூரின் தென்மேற்குப் பருவமழையில் திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், குளோரின் வெகுவாகக் குறைந்துவிடும். கேரளத்தில் 2018 முதல் நிபா வந்ததெல்லாம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பருக்குள்தான். அதாவது உங்கள் பவுடர் மிக பலவீனமாக இருக்கும் மாதங்கள். பெரிய மூட்டையாக வாங்காமல் சிறு பாக்கெட்டுகளாக வாங்கி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கட்டி தட்டியதைக் கழிவறைக்குத் தள்ளிவிடுங்கள், வார்டுக்கு வேண்டாம்.

திரவ ஹைப்போகுளோரைட் (திரவ பிளீச்) கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். 5 சதவீதத் திரவம் என்றால் 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம், 200 மில்லியோடு 800 சேர்த்தால் 1 சதவீதம். 10 சதவீதத் திரவம் என்றால் அதன் அளவைப் பாதியாக்கி, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீர் சேருங்கள். வெயிலும் சூடும் இதற்கு ஆகாது, மொட்டை மாடி ஷெட்டில் கேனை அடுக்க வேண்டாம். எதை வைத்துக் கலந்தாலும் தினமும் காலையில் புதிதாகக் கலந்து, மூடியுள்ள, ஒளி புகாத பாத்திரத்தில் வைத்து, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குடிநீர்க் குளோரினைப் பார்க்கும் சோதனைப் பட்டை இந்த அடர்த்திக்கு உதவாது. அதிக அளவைக் காட்டும் பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எதற்கு எந்த அளவு? அன்றாடத் தரைக்கும் மேசைக்கும் 0.1 சதவீதம் போதும். கோவிட் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் அதுதான். நிபா சந்தேகமுள்ளவர் இருந்த அறைக்கு 0.5 சதவீதம், மேற்கு ஆப்பிரிக்க எபோலா மையங்களில் தரைக்கும் பொருட்களுக்கும் பயன்படுத்திய அளவு. ரத்தமோ வாந்தியோ சிந்திய இடத்துக்கு 1 சதவீதம்.

சிந்திய இடத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஊழியர் பாட்டிலை எடுத்து மேலே ஸ்ப்ரே அடிப்பார், துளிகள் அவர் முகத்துக்கே தெறிக்கும். செய்ய வேண்டியது இது: முகக்கவசம், கண்ணாடி, கவுன், கையுறை போட்டுக்கொண்டு, முதலில் பழைய துணியையோ டிஷ்யூ பேப்பரையோ போட்டு மூடுங்கள். அதன் மேல் 1 சதவீதத் திரவத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு மெதுவாக ஊற்றுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். எல்லாவற்றையும் வழித்தெடுத்து தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு, சோப்பு நீரால் துடைத்து, மறுபடி ஒருமுறை குளோரின் போட்டு, கடைசியில் வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உலோகக் கட்டில் அரித்துப்போகும். சிறுநீர் சிந்தியிருந்தால் மட்டும் முதலில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் குளோரின்; சிறுநீரில் உள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சுக்குழலை எரிக்கும் வாயு வரும். அதேபோல நச்சு வாயு வரும் என்பதால் டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது. சுத்தம் இரட்டிப்பாகும் என்று நினைத்துக் கலப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 70 சதவீத ஆல்கஹால் ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், மொபைல், கைக்கு நல்லது. தரைக்கு ஊற்றினால் தீ அபாயம். 100 சதவீதம் இன்னும் நல்லதோ என்று கேட்பார்கள். கிடையாது, புரதத்தைச் சிதைக்க அதற்கும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். குளூட்டரால்டிஹைடு கருவிகளை ஊறவைக்க மட்டும், அறையில் தெளிக்க அல்ல. கருப்புப் பினாயிலின் தரத்தை டைபாய்டு பாக்டீரியாவை வைத்து அளக்கிறார்கள், வைரஸை வைத்து அல்ல. வெள்ளைப் பினாயில் பெரும்பாலும் வாசனைதான். தரை மணக்க வேண்டுமென்றால் தொடருங்கள்.

ஃபாகிங்குக்கு வருவோம். புகை கட்டிலின் அடிப்பக்கத்தையும் கைப்பிடியின் உள்புறத்தையும் போதிய நேரம் ஈரமாக வைத்திருக்காது, அழுக்கையும் அகற்றாது. ஊழியர்களின் நுரையீரலுக்குள் மட்டும் நன்றாகப் போகும். ஃபார்மலின் புகை போட்டால் இன்னும் மோசம், ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2020 ஏப்ரலில் திருப்பூர் காய்கறிச் சந்தை வாசலில் ஆட்களே நடந்து போகும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நாடு முழுக்க அதைப் பார்த்து வைத்தார்கள். அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வைரஸ் சட்டை மேல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது.

அதேபோல, நிபா பரவுவது பெரும்பாலும் தரையிலிருந்து அல்ல. 2001-ல் சிலிகுரியில் நோயுற்றவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில்தான் தொற்றியது. ஊழியர்கள், பார்க்க வந்தவர்கள். 2018-ல் கோழிக்கோட்டிலும் முதல் நோயாளியைத் தவிர மற்றவர்களில் பலருக்கு மருத்துவமனையில்தான், நோயாளியின் இருமலுக்கும் சுரப்புகளுக்கும் மிக அருகில் இருந்ததால். ஆகவே மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தை என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடிக்குப் போடுங்கள். ஜன்னல் உள்ள ஒரு தனி அறையை ஒதுக்கி வையுங்கள்.

காய்ச்சலோடு மூளைக் குழப்பமோ மூச்சுத்திணறலோ உள்ள ஒருவர், நிபா பரவும் பகுதியிலிருந்து வந்தால், அவரை அந்த அறையில் தனியாக வைத்து, மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். 104 எண்ணும் இருக்கிறது. உங்கள் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நோய் இல்லை இது. அவரை மாற்றிய பிறகு அறையை ஒரு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக விடுங்கள். பிறகு முழுப் பாதுகாப்பு உடையோடு இரண்டே பேர் உள்ளே போகட்டும். துணிகளை உதறாமல் சுருட்டிப் பையில் போட்டு, மேலிருந்து கீழாக, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு, முதலில் சோப்பு, பிறகு 0.5 சதவீதக் குளோரின், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் ஃபேன் போட வேண்டாம்.