இறந்தவரின் இரத்தத்தில் மருந்தின் அளவு மிகுந்திருந்தால், அவர் அளவுக்கு மீறி விழுங்கினார் என்று முடிவு செய்யலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், நெருங்கிய ஒருவரின் அறிக்கை உங்கள் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. இரத்தம் உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அதில் குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தடயவியல் நச்சியல் ஆய்வகத்தில் நான் சேர்ந்த புதிதில், 'இரத்தம்' என்று மட்டும் எழுதிய புட்டி ஒன்று வந்தது. இறந்தவர் மனச்சோர்வுக்காக அமிட்ரிப்டிலின் உட்கொண்டு வந்தவர். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இருமுறை அளந்தேன்; இரு முடிவுகளும் ஒத்திருந்தன, இரண்டுமே நச்சு அளவைக் காட்டின. கையொப்பமிடப் போன என்னை மூத்த ஆய்வாளர் தடுத்து, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் கேட்கச் சொன்னார். அது இதயத்திலிருந்து எடுத்த இரத்தம். நல்லவேளையாகத் தொடைச் சிரை இரத்தமும் தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதில் மருந்தின் அளவு பாதிக்கும் கீழே, வழக்கமான சிகிச்சையில் காணும் அளவை ஒட்டியே இருந்தது. உயிரோடிருக்கும்போது நுரையீரலிலும் கல்லீரலிலும் இதயத் தசையிலும் செறிந்திருக்கும் இத்தகைய மருந்து, இறப்புக்குப் பின் அங்கிருந்து கசிந்து அருகிலுள்ள இரத்தத்தில் கலக்கிறது. தொடைச் சிரை அவ்வுறுப்புகளுக்குத் தொலைவில் இருப்பதால் அங்கே இந்த ஏற்றம் குறைவு. நான் அளந்த எண் பிழையற்றது, ஆனால் அது இறக்கும் தறுவாயில் அவர் இரத்தத்தில் இருந்த அளவன்று.

ஆய்வக முடிவுகளையே நான் ஐயுறுவதாகச் சிலர் எண்ணக்கூடும். அப்படியில்லை, தொடைச் சிரை இரத்தத்தில் மாற்றமே நேராது என்றும் நான் கூறவில்லை, மருந்தை மிகையாக உட்கொண்டு இறப்போர் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை.

என்னை இன்றளவும் வருத்துவது, மாதிரியை அனுப்புவோரின் கவனமின்மைதான். நுண்ணுயிர்களைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு போதிய அளவு சேர்க்காமல், குளிரிலும் வைக்காமல் அனுப்பிய இரத்தத்தில் நுண்ணுயிர்கள் குளுக்கோசை நொதிக்கச் செய்து, மதுவில் உள்ள எத்தனாலை உண்டாக்கிவிடும். மதுவைத் தொடாத ஒருவர் குடித்திருந்தார் என்று அறிக்கை சொல்லும் நிலை அதனால் நேரலாம். கண்ணின் உள்நீரையும் சேர்த்து அனுப்பினால், இரத்தத்தில் உள்ள எத்தனால் அளவை அதில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புட்டியில் இடத்தையும் நேரத்தையும் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைக்கூடச் செய்யாத புட்டிகளை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அறிக்கையில் இடம் குறிக்கப்படவில்லை எனில், தொடைச் சிரை இரத்தமோ கல்லீரல் மாதிரியோ எஞ்சியுள்ளதா என்று எழுத்து மூலம் உடனே கேளுங்கள். மாதிரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள்.