புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தொற்று வருவது ஏன்? யாருக்கு ஆபத்து அதிகம்?

சேரும்போது இல்லாமல், பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றைத்தான் மருத்துவமனைத் தொற்று என்கிறார்கள். அறுவைக் காயத்தில் 30 நாள் வரைகூட வரலாம். தஞ்சாவூரில் அறுவை முடிந்து திருத்துறைப்பூண்டிக்கு வீடு திரும்பிய பிறகும் சிவப்பு, சீழ், காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களைக் குறைத்திருக்கும். சாப்பிட முடியாமல் உடல் இளைத்திருக்கும். சர்க்கரையும் புகையும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் (புகையை 4 வாரம் முன்பே நிறுத்துவது நல்லது). வாய், குடல் அறுவையில் அங்கேயே வாழும் கிருமிகள் காயத்தில் கலக்கும். பல மணி நேர அறுவையும் ஆபத்தைக் கூட்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியவை குழாய்கள்: சிறுநீர்க் குழாய், மருந்து ஏற்றக் கழுத்து ரத்தக்குழாயில் போடும் லைன், மூச்சுக் குழாய். வாய்க்கால் கரையில் நண்டு வளை போட்டால் தண்ணீர் அதன் வழியே கரையை அறுத்துவிடும். கிருமிக்கு ஒவ்வொரு குழாயும் அப்படி ஒரு வளை. நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். "இது இன்றும் தேவையா?" என்று தினமும் டாக்டரிடம் கேளுங்கள், தயங்காதீர்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கை கழுவாமல் நோயாளியைத் தொட வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக்கை நாள்கணக்கில் போட்டால் தொற்றே வராது என்பது தவறு: பெரும்பாலான அறுவைகளில் கீறலுக்கு முந்தைய 1 மணி நேரத்துக்குள் போடும் ஊசிதான் காக்கிறது, தேவையின்றி நீட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமிகளே வளரும்.