வண்டி கேள்வி-பதில்: சுற்றுகிறது, ஆனால் கழல மாட்டேன் என்கிறது

கேள்வி: எங்களிடம் 2003 மாடல் குவாலிஸ் இருக்கிறது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய வீடு. ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்தியிருந்தோம். இப்போது பின் பிரேக் ஷூ (டிரம்முக்குள் அழுந்தி வண்டியை நிறுத்தும் பிறை வடிவத் துண்டு) மாற்றலாம் என்று பார்த்தால், இடது டிரம் (ஷூவை மூடிச் சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) கையோடு வந்துவிட்டது. வலது டிரம் சுற்றுகிறது, வெளியே வரவில்லை. கேஸ் வைத்துச் சுட்டு, சுத்தியலால் நாலு போடு போட்டால் வந்துவிடும் என்கிறார்கள் பக்கத்துப் பட்டறையில். செய்யலாமா?

பதில்: சுட வேண்டாம். டிரம்முக்குப் பின்னால் வீல் சிலிண்டரின் (பிரேக் மிதித்தால் ஷூவைத் தள்ளும் பாகம்) ரப்பர், ஆக்ஸில் ஆயில் சீல் எல்லாம் இருக்கின்றன. சீல் கருகினால் ஆக்ஸில் ஆயில் கசிந்து புது லைனிங்கை (ஷூ மேல் ஒட்டிய, டிரம்மில் உரசும் பட்டை) நனைத்துவிடும். அப்புறம் ஷூ மாற்றியதே வீண். விளிம்பில் ஓங்கி அடிப்பதும் கூடாது. டிரம் வார்ப்பிரும்பு; வளைந்து கொடுக்காது, உடையும்.

டிரம் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல சேதி. லைனிங் டிரம்மோடு ஒட்டவில்லை. அப்படியானால் பிடித்திருக்கும் இடம் இரண்டில் ஒன்று. நடுவில், ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) வட்டமும் டிரம்மின் துளையும் சேரும் இடத்தில் துரு ஏறியிருக்கலாம். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இல்லையென்றால், ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்முக்குள் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் விளிம்பு ஷூவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டுத்தான் இந்த வேலை. குவாலிஸ் பின்சக்கர இழுவை வண்டி. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் உள்ளது உருளும். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள்.

இப்போது டிரம்மின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். வீல் போல்ட்டுகளுக்கு நடுவே மரை போட்ட இரண்டு சிறு ஓட்டைகள் தெரியும். துரு அடைத்திருந்தால் ஓட்டை இருப்பதே தெரியாது, ஆணியால் சுரண்டிப் பாருங்கள். டிரம்மைத் தள்ளி எடுப்பதற்கென்றே கம்பெனி போட்ட ஓட்டைகள் அவை. 8 மில்லிமீட்டர் போல்ட், 1.25 மரை, இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவட்டத்தில் துரு நீக்கும் ஆயிலைக் கொஞ்சமாக விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று முறுக்குங்கள். இறுகியதும் நிறுத்தி, வீல் போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட முகத்தில் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். திரும்பவும் அரைச் சுற்று. துருப்பிடி விடும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருங்கள். அவசரப்பட்டு ஒரே பக்கமாக முறுக்கினால் வார்ப்பிரும்பில் மரை போய்விடும்.

டிரம் கொஞ்சம் வெளியே வந்து, ஸ்பிரிங் போல மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டால், மாட்டியிருப்பது ஷூ. டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே, ஷூவை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் பல் வைத்த அட்ஜஸ்டர். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அதன் லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்லைத் திருப்புங்கள். லீவரைத் தள்ளாவிட்டால் ஷூ இறுகும் பக்கம் மட்டுமே நகரும். இதைத் தெரியாமல்தான் பலர் டிரம்மை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். இரண்டு ஆள் இருந்தால் சுலபம்.

கழன்றதும் உள்ளே இருக்கும் தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போகக் கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. டிரம்மில் அதிகபட்ச விட்டம் எழுதியிருக்கும். லேத்தில் கொடுத்துப் பள்ளத்தைச் சீவினாலும் அந்த அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் புதுசு. மாட்டும்போது ஹப் வட்டத்தின் துருவை எமரித் தாளால் தேய்த்தெடுத்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். லைனிங் பக்கம் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. சுலபமாக வந்ததே என்று இடது பக்கத்தை விட்டுவிடாமல் அதற்கும் இதே வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் காரைச் சில மாதம் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஈர லைனிங் டிரம்மோடு அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கழுவிய கையோடு நிறுத்தாமல், தெருவில் ஒரு சுற்று ஓட்டி, மெதுவாகப் பிரேக்கை மிதித்து டிரம்மைக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள்.